தார் நிற்காத மூலை

பாகாயம்,
21.1.2024

அன்புள்ள ராணிக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் வீடும் சுகம். அந்த மலைக்குளிர் உன் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் எழுது.

முக்கியமானதைப் போனில் பேசவேண்டாம் என்று நீ சொன்னது சரிதான். உங்கள் ஒடிசா மலையில் டவர் வந்து வந்து போவதில் நீ சொன்ன பாதிக்கு நான் கோபப்படுகிறேன், நான் சொன்ன மீதிக்கு நீ கோபப்படுகிறாய். அதனால் இந்த நல்ல செய்தியைக் காகிதத்தில் சொல்கிறேன். எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

கம்பெனிக்காகப் போடும் ரோடு அல்ல. என் பேரில், என் ஆட்களை வைத்து நானே எடுத்த முதல் வேலை. ஆம்பூர் பைபாஸில் சகீனா அம்மாள் என்பவருக்கு ஒரு வளாகம் இருக்கிறது. கீழே ஷூ கடை, மாடியில் கல்யாண மண்டபம், ஓரத்தில் பிரியாணிக் கடை. முன்னும் பின்னும் வண்டி நிறுத்தும் இடம் முழுக்கத் தார்தான், அங்கங்கே பெயர்ந்து கிடக்கிறது. வளாகத்தின் மேனேஜர் இஷ்தியாக் அகமது பாய் என் பேரைச் சொல்லியிருக்கிறார்.

ஒரு டேங்கர் தண்ணீரைக் கொட்டி, எங்கே ஓடாமல் நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டேன். ஒற்றைக் கோடாக ஓடும் விரிசலை ஊதிச் சுத்தம் செய்து சூடாகத் தார் ஊற்றினால் போதும். கல்யாண பஸ் நிற்கும் இடத்தில் டீசல் சொட்டித் தார் இளகியிருக்கிறது. பின்பக்கச் சுவர் மூலைதான் படுமோசம், வலைவலையாக வெடித்திருக்கிறது. எங்கள் தொழிலில் அதற்கு முதலைத் தோல் என்று பேர். சகீனா அம்மாளிடம் அப்படியே சொல்லிவிட்டேன். "எங்க வூட்ல ஆட்டுத் தோல், மாட்டுத் தோல்தான் தம்பி பாத்திருக்கோம். முதலைத் தோல் இன்னா வெலைக்குப் போவும்?" என்றார். தோல் தொழிற்சாலைக் குடும்பம், கேட்கவேண்டுமா.

ஒரு வருடத்துக்குள் எங்கே உடைந்தாலும் நானே திரும்பப் போடுகிறேன் என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன். அதே உறுதியை உனக்கும் தருகிறேன். நான் கம்பெனியை விட்டுத் தனியாக வந்ததால்தானே நீ அவ்வளவு தூரம் போய் நர்ஸ் வேலை பார்க்கிறாய். இந்த இடம் உடையாமல் நின்றால் என் தொழிலும் நின்றது என்று அர்த்தம். டிசம்பரில் உன் இரண்டு வருடம் முடியும்போது நீ நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடலாம்.

அன்புடன்,
ஜெயகரன்


கோராபுட் மாவட்டம்,
11.2.2024

அன்புள்ள அக்சா அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். குளிர் குறைந்துவிட்டது, ஸ்வெட்டரைத் துவைத்து மடித்து வைத்துவிட்டேன்.

உங்கள் கடிதம் பத்து நாள் சுற்றிக்கொண்டு வந்தது. இரண்டு முறை படித்தேன். தண்ணீர் எங்கெங்கே நிற்கிறது என்று அவ்வளவு விவரமாக எழுதினீர்கள், நீங்கள் எங்கே சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வரி இல்லை. அந்த பிரியாணிக் கடையில்தான் என்று எனக்குத் தெரியும். சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து அடுத்த கடிதத்தில் எழுதவும். அக்சா சென்னை ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டாள். "அப்பா இப்ப ஓனர் ஆய்ட்டாரும்மா, போன் எடுக்கவே நேரமில்லை" என்று சிரிக்கிறாள்.

எனக்குச் சந்தோஷம். நீங்கள் அந்தக் கம்பெனியில் பள்ளத்தின் மேல் பள்ளமாக ஒட்டிவிட்டு வந்து ராத்திரி சரியாகச் சாப்பிடாமல் படுத்ததெல்லாம் நான் பார்த்ததுதானே. இது உங்கள் வேலை. நன்றாகச் செய்யுங்கள்.

எனக்குத் தந்த உறுதியையும் படித்தேன். சகீனா அம்மாள் உங்களிடம் அப்படிக் கேட்டிருப்பார். நான் கேட்ட ஞாபகம் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் ஜெபராணி


பாகாயம்,
10.3.2024

அன்புள்ள ராணிக்கு,

சுகம், சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி. அதற்கு மேல் கேட்காதே.

வேலை முடிந்துவிட்டது. நீ பக்கத்தில் இருந்து பார்த்திருக்கவேண்டும். பின்பக்க மூலையைச் சதுரமாக வெட்டி, பழைய தாரை எடுத்துவிட்டோம். அடியில் இருந்த ஜல்லியைக் கடப்பாரையால் குத்திப் பார்த்தேன், கெட்டியாக இருந்தது. சாமான் இறக்கும் லாரி ரிவர்ஸில் வந்து நிற்கிற இடம் அது, பாரம் தாங்காமல்தான் வெடித்திருக்கிறது என்று முடிவு செய்து, அடியை அப்படியே விட்டுவிட்டு மேலே இரண்டு அடுக்காகத் தார் போட்டு ரோலர் ஓட்டினேன். தண்ணீர் நின்ற பள்ளங்களையெல்லாம் மேடாக்கிச் சரிவைச் சாக்கடைப் பக்கம் திருப்பியாகிவிட்டது. கடைசியாக வண்டிக்கு வண்டி வெள்ளைக்கோடு.

அடுத்த வாரமே மண்டபத்தில் ஒரு நிக்காஹ். வந்த கார்களெல்லாம் கோட்டுக்குள் நின்றதைப் பார்த்தேன். எனக்கு அழைப்பு இல்லை, இருந்தாலும் இஷ்தியாக் பாய் பிடித்து உட்காரவைத்துவிட்டார். அதற்குத்தான் சர்க்கரை.

சாயந்திரம் வெயில் தாழ்ந்த பிறகு அந்த இடத்தை ஒரு சுற்று நடந்தேன். கறுப்பாக, சமமாக, சுத்தமாக இருந்தது. எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம் என்றிருந்தது.

அன்புடன்,
ஜெயகரன்


கோராபுட் மாவட்டம்,
28.4.2024

அன்புள்ள அக்சா அப்பாவுக்கு,

உங்கள் சுகத்துக்காக ஜெபிக்கிறேன். நீங்களும் கொஞ்சம் ஒத்துழைத்தால் நல்லது.

இங்கே நாங்கள் நால்வர் பார்க்கவேண்டிய வார்டை இருவர் பார்க்கிறோம். ஆனாலும் பிடித்திருக்கிறது. மலை மேலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வருகிற பெண்கள், காய்ச்சல் இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்கிறார்கள். பாதி புரிகிறது. மீதிக்குச் சிரித்துவிடுகிறேன்.

ஒரு விஷயம் கேட்கவேண்டும். டிசம்பருக்குப் பிறகும் ஒரு வருடம் இருக்க முடியுமா என்று எங்கள் ஆஸ்பத்திரி சூப்பரின்டெண்ட் அம்மா கேட்கிறார். நவம்பர் முடிவதற்குள் பதில் சொல்லவேண்டுமாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

இப்படிக்கு,
ஜெபராணி


பாகாயம்,
23.6.2024

அன்புள்ள ராணிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். வெயில் மட்டும் குறையவில்லை.

பக்ரீத் அன்று நான் ஆம்பூரில் இருந்தேன். ஏன் என்று கேள். சகீனா அம்மாள் வளாகத்தின் பின்பக்கத்தை வருடாவருடம் தோல் சேகரிக்கக் கொடுக்கிறார்களாம். குர்பானி கொடுக்கிற வீடுகளெல்லாம் ஆட்டுத் தோலை ஊரில் இருக்கும் அநாதைப் பிள்ளைகள் இல்லத்துக்குத் தானமாகக் கொடுத்துவிடும். இஷ்தியாக் பாய்தான் இல்லத்தின் செயலாளர். தோலெல்லாம் லோடு ஆட்டோவில் வந்து குவிகிறது. கெட்டுப்போகாமலிருக்க அங்கேயே கல்லுப்பைத் தூவி, மடித்து, அடுக்கி, மூன்றாம் நாள் லாரியில் ஏற்றுகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வருடத்தில் பாதிச் சாப்பாடு அதிலிருந்துதான் என்று பாய் சொன்னார்.

என் புதுத் தார் மேலேயா என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது, மறைக்கவில்லை. ரத்தமும் உப்புத் தண்ணீரும் ஓடுகிறது. லாரி போனதும் நானே பம்பு செட்டைக் கொண்டுபோய், என் ஆட்களை வைத்துக் கழுவிக் கழுவி விட்டேன். மூலையில் தேங்கினதைத் துடைப்பத்தால் தள்ளினோம். அடுத்த நாளும் கழுவினோம். இஷ்தியாக் பாய், "உங்க வூட்டு முத்தம் மாதிரி கழுவுறீங்களே சார்" என்றார். பளிச்சென்று ஆகிவிட்டது.

சூப்பரின்டெண்ட் அம்மா கேட்டதற்கு நான் என்ன சொல்ல? நம்மிடம் ஒரு கணக்கு இருக்கிறதல்லவா. இடம் உடையாமல் நிற்கட்டும், அதுவே பதில் சொல்லும்.

அன்புடன்,
ஜெயகரன்


கோராபுட் மாவட்டம்,
18.8.2024

அன்புள்ள அக்சா அப்பாவுக்கு,

நான் சுகம். மழை விடாமல் பெய்கிறது, துணி காயவில்லை, வேறு குறை இல்லை.

ஜூலையில் நீங்கள் எழுதிய கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சபையில் புது கீபோர்டு வாங்கினது இருக்கிறது. எதிர் வீட்டம்மா முட்டிவலி இருக்கிறது. ஆற்காட்டிலிருந்து யாரோ மக்கன் பேடா கொண்டுவந்ததும், நீங்கள் ஒன்றே ஒன்று சாப்பிட்டதும் இருக்கிறது. அதை நான் நம்பவில்லை, போகட்டும். ஆனால் இரண்டு பக்கத்தில் தார் என்ற பேச்சே இல்லை. ஜனவரியிலிருந்து தார் இல்லாமல் நீங்கள் ஒரு பக்கம்கூட எழுதியதில்லை. அதற்குப் பிறகு கடிதமும் இல்லை.

ஞாயிறு போனில் கேட்டால், "எல்லாம் நல்லாத்தான் போவுது, நீ சாப்ட்டியா" என்கிறீர்கள். வார்டில் எங்கே வலிக்கிறது என்று கேட்டால், மற்ற இடத்தையெல்லாம் காட்டுகிற நோயாளிகள் எனக்கு நிறையப் பழக்கம்.

என்ன ஆயிற்று?

இப்படிக்கு,
ஜெபராணி


பாகாயம்,
15.9.2024

அன்புள்ள ராணிக்கு,

நான் சுகம். இந்த முறை உண்மையாகவே உடம்பு மட்டும்தான் சுகம்.

பின்பக்க மூலை உடைந்துவிட்டது.

ஜூலை முதல் வாரத்தில் அங்கங்கே சின்னச் சின்னதாகத் தார் உப்பிக்கொண்டு எழுந்தது. அப்பளம் பொரிகிற மாதிரி. காலால் மிதித்தால் நொறுங்கியது. வெயிலென்று நினைத்து, யாருக்கும் சொல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வெட்டிப் புதிதாகப் போட்டேன். ஆகஸ்டில் திரும்பவும் அதே மூலை, அதே பொரியல், ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகப் போய் அதே ஒட்டல். மழை பெய்தால் உடையும் தாரைப் பார்த்திருக்கிறேன். இது மழை பெய்தால் அடங்குகிறது, வெயில் காய்ந்தால் உடைகிறது. இருபது வருடத்தில் இப்படி நான் பார்த்ததில்லை. உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் எதிர் வீட்டம்மா முட்டியைப் பற்றி எழுதினேன்.

போன வாரம் ஆழமாக வெட்டினேன். பிப்ரவரியில் கெட்டி என்று நான் விட்டுவந்த ஜல்லி முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. வருடாவருடம் அந்த மூலையில்தான் தோல் அடுக்குகிறார்கள். உப்புத் தண்ணீர் விரிசல் வழியாக இறங்கி அடியில் தங்கிவிடுகிறது. வெயில் அடிக்கும்போது அது மேலே ஏறி, காய்ந்து, தாரைத் தள்ளித் தூக்குகிறது. இந்த வருடம் இறங்கினது போதாதென்று, நானே பம்பு வைத்துக் கழுவி மிச்சத்தையும் உள்ளே இறக்கியிருக்கிறேன். யாருமே செய்யாத சேவை.

இதைச் சொன்னால் என் மேல் குற்றமில்லை என்று ஆகிவிடும். உப்புக்கு நான் உறுதி கொடுக்கவில்லை. ஆனால் சொன்னால் சகீனா அம்மாள் தோல் சேகரிப்பதை நிறுத்திவிடுவார், எந்தச் சொந்தக்காரரும் அதைத்தான் செய்வார். ஊருக்குள் அவ்வளவு திறந்த இடம் வேறு இல்லை. எனக்கு வேலை வாங்கிக் கொடுத்த இஷ்தியாக் பாயின் இல்லத்துப் பிள்ளைகள் வயிற்றில் நான் அடித்த மாதிரி ஆகும். பேசாமல் வருடாவருடம் நானே ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று நினைக்கிறேன். கம்பெனியில் செய்ததுதானே.

உனக்குக் கொடுத்த வாக்கு போய்விட்டது. அதுதான் எனக்குப் பெரிய வேதனை.

ஜெயகரன்


கோராபுட் மாவட்டம்,
6.10.2024

அன்புள்ள அக்சா அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமா என்பது இனிமேல்தான் தெரியும், ஏனென்றால் ரத்தமும் தோலும் ஊறின மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். ஒரு நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டு இத்தனை வருடம் குடித்தனம் நடத்திய மனிதர். வயிற்றுவலி, காய்ச்சல் ஏதாவது வந்ததா என்று உடனே எழுதவும்.

சகீனா அம்மாளிடம் போய்ச் சொல்லுங்கள். இஷ்தியாக் பாயையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அவர்கள் நிறுத்துவார்களோ மாட்டார்களோ, அதை அவர்கள் வாயால் சொல்லட்டும். ஒட்டிக்கொண்டே இருக்கவா அந்தக் கம்பெனியை விட்டு வந்தீர்கள்?

உடைந்ததை எனக்கு எழுதினீர்கள் பாருங்கள், அதற்கு நன்றி. மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஜெபராணி


பாகாயம்,
17.11.2024

அன்புள்ள ராணிக்கு,

சுகமோ சுகம். வயிற்றுவலி வரவில்லை.

உன் கடிதத்தைப் படித்தும் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு நாள் அந்த வெள்ளை ஜல்லியை ஒரு கவரில் போட்டுக்கொண்டு ஷூ கடைக்குப் பின்னால் இருக்கும் ஆபீஸ் அறைக்குப் போனேன். இஷ்தியாக் பாயும் இருந்தார். மேஜை மேல் கொட்டி எல்லாவற்றையும் சொன்னேன், நான் பிப்ரவரியில் அடியைத் தோண்டாமல் விட்டதையும், கழுவினதையும் சேர்த்து. சகீனா அம்மாள் ஒரு கல்லை எடுத்து விரலால் தேய்த்து நாக்கில் வைத்தார். ஆகவே நான் மட்டுமல்ல.

 பிறகு அம்மாள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "உப்பு தோலை இன்னா செய்யும்னு எங்க வூட்ல பொறந்த கொழந்தைக்கிகூட தெரியும். தாரை இன்னா செய்யும்னு இத்தினி வருஷமா ஒருத்தருக்கும் தோணலியே."

இஷ்தியாக் பாய் முகம் வாடிவிட்டது. "அடுத்த வருஷம் நாங்க வேற எடம் பாத்துக்கறோம்மா" என்றார்.

"இன்னாத்துக்கு? காரு நிக்க ஊரெல்லாம் எடம் இருக்குது. தோலு வெக்க எடம் எங்க இருக்குது? எங்க அப்பா குடோன்ல தரை கடப்பாக்கல்லு, நடுவுல கால்வாய், கடைசியில தொட்டி. அந்த மூலையில தாரே வேணாம் தம்பி. கல்லைப் போடு."

இது எனக்குத் தோன்றவே இல்லை ராணி. தார்க்காரனுக்குத் தாரை எப்படி நிறுத்துவது என்பதுதான் புத்தியில் வரும், எடுத்துவிடலாம் என்று வராது. நான் எழுந்தபோது அம்மாள், "இதை ஏன் இவ்ளோ நாளா மனசுல வெச்சிகினு பேஜாராயிருந்தே? நான் நிறுத்திடுவேன்னு நீயே முடிவு கட்டிட்டியா?" என்று கேட்டார். நான் மேஜை மேல் கொட்டின கல்லையெல்லாம் திரும்பக் கவரில் அள்ளிக்கொண்டேன்.

மூலை முழுவதையும் இடுப்பளவு தோண்டி, உப்பு மண்ணை எடுத்துவிட்டு, கான்கிரீட் போட்டு, மேலே கடப்பாக்கல் பதித்தோம். உப்புத் தண்ணீர் ஓடத் தனிக் கால்வாயும், அது வந்து சேர மூடி போட்ட தொட்டியும் வைத்தாகிவிட்டது. இஷ்தியாக் பாய் தினமும் வந்து நின்று பார்த்தார். கடைசி நாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல் மேல் நடந்து பார்த்தார்.

அம்மாள் கேட்கவில்லை, நானாகவே புதிதாக உறுதி எழுதிக்கொடுத்திருக்கிறேன். இன்றிலிருந்து ஒரு வருடம். அதனால் நம் கணக்கும் இன்றிலிருந்துதான். நீயும் அப்படித்தான் நினைப்பாய். சூப்பரின்டெண்ட் அம்மாவிடம் இன்னும் ஒரு வருடம் இருக்கிறேன் என்று சொல்லிவிடு. நான் இங்கே நன்றாகவே இருக்கிறேன், கவலைப்படாதே.

அன்புடன்,
ஜெயகரன்


கோராபுட் மாவட்டம்,
1.12.2024

அன்புள்ள அக்சா அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் கடிதத்தை நைட் டியூட்டி நர்ஸுகளுக்கு மொழிபெயர்த்துப் படித்துக் காட்டினேன். சகீனா அம்மாள் எல்லாருக்கும் பிடித்துப்போய்விட்டார். இஷ்தியாக் பாய் கல் மேல் நடந்த இடத்தை இரண்டாம் தடவையும் படிக்கச் சொன்னார்கள். நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். எனக்குப் பெருமையாக இருக்கிறது.

கடைசிப் பத்தியை மட்டும் நான் படித்துக் காட்டவில்லை.

நான் என்ன நினைப்பேன் என்பதையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். சகீனா அம்மாளிடம் கேட்கப் போனீர்களே, என்னிடம் ஏன் கேட்கவில்லை? ஏப்ரலில் நான் உங்களைக் கேட்டேன். "நீ வா" என்றோ, "இரு" என்றோ ஒரு வார்த்தை வரும் என்று ஒவ்வொரு கடிதத்திலும் பார்த்தேன். இடம் பதில் சொல்லும் என்றீர்கள். எனக்கு அந்த இடத்தோடு பேச்சுவார்த்தை கிடையாது.

இப்போது நான் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறேன். கோடு போட்ட இடத்தில் கார்கள் நின்றதை நீங்கள் எழுதியபோதெல்லாம், இன்னும் ஒரு வருடம் இங்கேயே இருந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வேலை நன்றாகப் போகிறது, சந்தோஷமாக இருக்கிறார், பிரியாணி சாப்பிடுகிறார், நான் இல்லாவிட்டால் என்ன என்று இருந்தது. சூப்பரின்டெண்ட் அம்மாவிடம் முக்கால்வாசி சரி என்றே சொல்லியிருந்தேன்.

பிறகு செப்டம்பர் கடிதம் வந்தது. இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் யாருக்கும் தெரியாமல் தனியாகப் போய் அந்த மூலையை வெட்டிக்கொண்டிருந்தீர்கள் என்று படித்தேன். அன்று சாயந்திரமே சூப்பரின்டெண்ட் அம்மா அறைக்குப் போய், டிசம்பரோடு நான் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் போட்ட இடம் உடைந்துவிட்டது என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

பதினெட்டாம் தேதி காலை காட்பாடியில் இறங்குகிறேன். அக்சாவும் அன்றைக்கே வருகிறாள். இதற்குப் பதில் எழுதவேண்டாம், ஸ்டேஷனுக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஜெபராணி